இறங்கும் காலுக்கு ஒரு படி

ஞானரட்ணம் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் டென்மார்க்கின் ஸ்கீவ ஊரில் இருக்கிற நம்மட ஆக்களுக்கு ஒரே சிரிப்பு. ஒருத்தர் மீன் தொழிற்சாலைக்குப் போவார், இன்னொருத்தர் பள்ளிக்கூடம் கூட்டப் போவார், இவர் பரண் கட்டப் போவார். "மட்டக்களப்புப் படுவான்கரையில ஆனைக்குப் பயந்து பரண் கட்டின மனிசன், டென்மார்க்குக்கு வந்தும் பரண்தான் கட்டுறார்" என்று சபாரத்தினம் பிறந்தநாள் வீடுகளில் சோடாவும் கையுமாக நின்று சொல்லுவார். இவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு, "ஆனையெண்டா மரத்தோட பிடுங்கும். இஞ்ச மான்தானே, பயமில்ல" என்பார்.

பகிடிக்குச் சொல்லலாம். ஆனால் அது லேசுப்பட்ட வேலை இல்லை. ஊருக்கு வெளியே, ஃபியோர்டு என்கிற கடல்வாயின் காற்று நேரே வந்து முகத்தில் அறைகிற இடத்தில், ஒரு பழைய மாட்டுக் கொட்டிலில் பிரெபென் என்கிற டெனிஷ்காரனுடைய பட்டறை. வேட்டைக்காரன் முதுகில் சுமந்துகொண்டு போய், விரும்பின மரத்தில் கட்டி ஏறி இருந்து, வேட்டை முடியக் கழட்டிக்கொண்டு வருகிற அலுமினியப் பரண் அங்கே செய்கிறார்கள். எட்டு ஏறுபடி, ஓர் இருக்கை, இறுக்குகிற பட்டிகள். அவ்வளவும் ஒரு பைக்குள் அடங்கும். பிரெபெனுக்கு விற்கத் தெரியும், வேட்டையும் தெரியும். கீறிச் செய்கிறது ஞானரட்ணம்.

உலோகம் உலோகத்தோடு முட்டினால் ஒரு சத்தம் வரும். மான் அதைக் கேட்டால் அன்றைக்கு அந்தக் காட்டில் மானே இல்லை. இதற்குப் பிரெபென் இரண்டு வருசம் மண்டையைப் போட்டு உடைத்தான். ஞானரட்ணம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் படிகளுக்கு உறை போட்டார், சத்தம் நின்றது. அன்றையிலிருந்து பிரெபென் அவரை "மேஸ்தர்" என்று கூப்பிடத் தொடங்கினான். அடுத்தது முதுகு. பரணில் இருக்கிறவனுக்குப் பின்னால் அடிமரம் இருக்க வேணும், கிளை இலை இருக்க வேணும். வெறும் வானத்துக்கு முன்னால் தலை தெரிந்தால் அரைக் கட்டைத் தூரத்துக்கு அப்பால் நிற்கிற மிருகத்துக்கும் தெரியும். இதை அவர் ஒரு தாளில் படமாகக் கீறி, பரண் விற்கிற ஒவ்வொரு பைக்குள்ளேயும் வைப்பார். உயரத்தில் ஆடாமல் இருக்கிறவன் மரத்தோடு மரமாகிப் போவான், வானத்தில் இருக்கிறவன் அகப்பட்டுப் போவான் என்று டெனிஷில் கீழே எழுதியிருக்கும்.

பட்டறையில் ஒரு சட்டமும் இருந்தது. புதுப் பரண் செய்தால், அதைக் கீறினவன்தான் முதலில் ஏறி இருக்க வேணும். பிரெபென் போட்ட சட்டம். "நீ இருக்கப் பயப்படுற கதிரையில இன்னொருத்தனை இருத்தாதே" என்பான்.

2003இல், சமாதான காலத்தில், ஞானரட்ணமும் மனைவி தங்கராணியும் மகள் வினோதாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். மட்டக்களப்புக்குப் போய்விட்டு, ஏ-நைன் ரோட்டால் விசுவமடுவுக்கும் போனார்கள். அங்கேதான் தங்கராணியின் தம்பி கிறிஸ்துநாயகம் இருந்தான். தொண்ணூறில் ஓடிப்போய் வன்னியில் ஒதுங்கினவன், அங்கேயே மாக்கிரட் என்கிற பெண்ணைக் கட்டி, கச்சான் கடலைத் தோட்டம் செய்துகொண்டு இருந்துவிட்டான். தாய் தகப்பன் செத்தபிறகு தங்கராணி தூக்கி வளர்த்த தம்பி. அவளுக்குப் பதினேழு, அவனுக்கு ஆறு. தம்பி என்று சொன்னாலும் அவளுக்கு அவன் மூத்த பிள்ளை.

எல்லாரும் சொக்கிலேட்டும் சேட்டும் கொண்டு போக, ஞானரட்ணம் ஒரு பரணும் எட்டுப் படியும் கொண்டு போனார். கச்சான் கிண்ட வருகிற பன்றிக்குக் காவல் இருக்கட்டும் என்று. "டென்மார்க்கில இருந்து ஆக்கள் கார் அனுப்புறாங்க, எங்கட அத்தான் பரண் கொண்டந்திரிக்கார்" என்று நாயகம் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். பிறகு பாலை மரத்தில் கட்டி ஏறி இருந்து, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். அன்றைக்கு மாக்கிரட் ஆக்கின மான் வத்தல் கறியை மேலே கட்டி அனுப்பித்தான் சாப்பிட்டான். நாற்பது வயது ஆம்பிளை!

அதெல்லாம் அந்தக் காலம். 2009 பிறந்தபோது விசுவமடுவும் இல்லை, தோட்டமும் இல்லை. நாயகமும் மாக்கிரட்டும் பிள்ளையும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒரு மணல் துண்டில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தார்கள். ஆரிடமோ வாங்கின ஒரு போன் இருந்தது. இரண்டு நாளைக்கு, மூன்று நாளைக்கு ஒருக்கா எடுப்பான். அங்கே பொழுதுபடுகிற நேரம், ஸ்கீவவில் பின்னேரம் மூன்று மணி. "உசிரோட இரிக்கம் அக்கா" என்பான். அவ்வளவுதான் செய்தி. அந்த ஒரு சொல்லுக்காகத் தங்கராணி முதியோர் இல்லத்தில் காலை வேலையை மட்டும் வாங்கி, இரண்டே முக்காலுக்கு ஓடிவந்து, ஜாக்கெட்டும் கழட்டாமல் போனுக்குப் பக்கத்தில் இருப்பாள்.

வீட்டில் சமையல் இல்லாமல் போயிற்று. அங்கே பிள்ளைகள் கஞ்சிக்கு நிற்க, இங்கே தாளிக்கிற மணம் வரக்கூடாது என்றாள் தங்கராணி. றுக்புறோட் என்கிற கறுத்தப் பாணும் சம்பலும்தான்.  ஞானரட்ணத்துக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மே எட்டாந்தேதி வெள்ளிக்கிழமை டெனிஷ்காரருக்குப் பெரிய செப நாள். நாடே லீவு. அதற்கு முதல்நாள் பின்னேரம் ஏலக்காய் போட்ட பணிஸ் வாங்கிச் சுட்டுத் தின்பது இங்கத்தைய வழக்கம். ஓல்போர்க்கில் படிக்கிற வினோதா வரும்போது ஒரு பை வாங்கி வந்திருந்தாள். ஒருத்தரும் தொடவில்லை. தங்கராணிக்கு லீவு நாளிலும் வேலை. அவளுக்குப் பதிலுக்கு வரவேண்டியவள் சுகமில்லை என்றுவிட்டாள், நாலு மணிவரை நிற்கச் சொல்லிவிட்டார்கள். "போனை விட்டுட்டு அசையாதீங்க. குசினிக்குக் கூடப் போகாதீங்க" என்று வேலையிடத்திலிருந்து ஞானரட்ணத்துக்குச் சொன்னாள். வினோதா அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போய்விட்டாள். மூன்று மணிக்கு வீட்டில் அவர் தனிய.

மூன்று ஐந்துக்குப் போன் அடித்தது.

"அத்தானா? அக்கா எங்க?"

"டியூட்டில நிக்கா மனே. இண்டைக்குப் பார்த்து விடுறாங்கல்ல. எப்பிடி இரிக்கீங்க? பிள்ளை?"

"இரிக்கம் அத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், இப்ப பரவால்ல. அக்கா வர எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஒரு மணித்தியாலம் செல்லும்."

"அவ்வளவு நேரம் நிக்கேலா."

அவனுடைய குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. ஞானரட்ணத்துக்கு அந்த இரைச்சல் தெரியும். தரையில் நிற்கிறவனுடைய போனில் காற்று அப்படி இரையாது. அது உயரத்துக் காற்று.

"எங்க நிண்டு கதைக்காய்?"

"மேலதான். கீழ சிக்னல் ஒரு கோடும் காட்டாதே."

"மேலயெண்டா எங்க?"

"பனையில." நாயகம் சிரித்தான். "உங்கட படிதான் அத்தான். விசுவமடுவில இருந்து கட்டி இழுத்துக்கொண்டு வாறன். சட்டி பானையை விட்டுட்டு இந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு வாறாய் எண்டு மாக்கிரட் இண்டைக்கும் ஏச்சு. எட்டுப் படியும் கதிரையும் இரிக்கு. ஒரு பட்டி அறல்ல. நல்ல சாமான்."

ஞானரட்ணம் கதிரையை விட்டு எழும்பினார். இத்தனை நாளும் "மேட்டில நிண்டு கதைக்கன்" என்றுதான் அவன் தமக்கைக்குச் சொல்லியிருந்தான்.

"நாயகம், பனையில வட்டு இரிக்கா? ஓலை இரிக்கா?"

"எங்க அத்தான்! இஞ்ச ஒரு பனைக்கும் தலையில்ல. ஷெல்லில எல்லாம் அறுந்து போய்ட்டு. வெறும் மரந்தான், லைட்டுக் கம்பம் மாதிரி."

"உன்ட முதுகுக்குப் பின்னால என்ன இரிக்கு?"

"என்ன இரிக்கும்? வானந்தான்."

பரணோடு வைக்கிற அந்தப் படம் அவருடைய கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தன் கையால் கீறின படம். சிவப்புப் பேனையால் வெட்டிக் காட்டின மனிசன், வெறும் வானத்துக்கு முன்னால். நாலு பக்கமும் துவக்கு இருக்கிற இடத்தில், தலையில்லாத பனையின் நுனியில், அந்தி வெளிச்சத்தில் ஒருத்தன் நிற்கிறான். வேவு பார்க்கிறவன் என்று நினைக்க எவ்வளவு நேரம் செல்லும்? அதுவும் "உசிரோட இரிக்கம்" என்று ஒரு சொல் சொல்ல!

"இறங்கு."

"என்ன அத்தான்?"

"இறங்கு எண்டுறன். இனி ஏறாத. கடவுளறியச் சொல்லுறன் நாயகம், இனி அந்த மரத்தில ஏறாத. அங்க நிக்கிற நீ எல்லாருக்கும் தெரிவாய். பறவைக்கும் தெரிவாய்."

"அக்கா தேடுவாவே."

"அக்காவுக்கு நான் சொல்லுறன். என்னெண்டு சொல்லவேணுமோ அப்பிடிச் சொல்லுறன். நீ கீழ இரி. எல்லாம் முடியட்டும், மறுகா ஆறுதலா இரிந்து கதைப்பம். சத்தியம் பண்ணு."



"சரி அத்தான், சத்தியம். அக்காட்டச் சொல்லிருங்க, பாத்துக்கொண்டிரிப்பா." பிறகு, இறங்கத் திரும்பினான் போல, மூச்சு வாங்க ஒரு வார்த்தை சொன்னான். "அத்தான், ஒண்டு. இறங்கக்குள்ள இந்த மேல்ப்படி காலுக்குத் தட்டுப்படுதில்ல. காலால துழாவ வேண்டிக் கிடக்கு. அடுத்தமுறை செய்யக்குள்ள அதைப் பாருங்க."

போன் வைத்துவிட்டான்.

நாலரைக்குத் தங்கராணி வந்தாள். கதவு திறந்ததும் திறக்காததுமாக, "எடுத்தவனா?" என்றாள்.

அவளுடைய முகத்தைப் பார்த்தால், எடுத்தவன் என்று சொல்லலாம், நீ இல்லாத நேரம் எடுத்தவன் என்று சொல்லலாம். ஆனால் அதற்குப் பிறகு, இனி எடுக்காதே என்று நான் சொல்லிவிட்டேன் என்றும் சொல்ல வேணும். அவள் என்ன செய்வாள்? ஆரைப் பிடித்தாவது அவனுக்குச் செய்தி அனுப்புவாள், ஒரேயொருதரம் எடு என்று. அவன் ஏறுவான். அக்கா கேட்டு அவன் மாட்டேன் என்று சொன்னதே இல்லை.

"இல்ல" என்றார் ஞானரட்ணம்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிசன். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, ஆறிப்போன பணிஸ் ஒன்றை எடுத்து, நின்ற நிலையில் தின்று முடித்தார்.

ஒன்பதாந்தேதி போனது, பத்துப் போனது, பதினொன்றும் போனது. தங்கராணி வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டாள். காலையிலிருந்தே போனுக்குப் பக்கத்தில். கழுத்துச் செபமாலையைக் கழட்டிக் கையில் சுற்றிக்கொண்டு, மூன்று மணி ஆனால் உதடு நடுங்கும், நாலு மணி ஆனால் அடங்கும். இன்றைக்குச் சொல்லுவம், இன்றைக்குச் சொல்லுவம் என்று ஞானரட்ணம் ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பார். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். "தேத்தண்ணி போடவா?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குப் போவார். ஒரு நாள் பிந்தினால் மறுநாள் இரண்டு மடங்கு பாரமாகிப் போகிற சொல் அது.

பட்டறையில் அந்தக் கிழமை தலைபோகிற வேலை. மே பதினாறு, ஆண்மான் வேட்டை திறக்கிற நாள். டெனிஷ் வேட்டைக்காரருக்கு அது பெருநாள் மாதிரி. அதற்கு முதல் புதுப் பரண் வெளியே போக வேணும். எல்லாம் முடிந்த பரண்தான், ஆனால் ஞானரட்ணம் மேல்ப்படியை அறுத்து எறிந்துவிட்டார்.

"என்ன மேஸ்தர் இது? இன்னும் நாலு நாள்தான் இருக்கு!" என்று பிரெபென் கத்தினான்.

"இறங்குகிறவனுக்குக் கால் தட்டுப்படவில்லை" என்றார்.

"ஆர் சொன்னது? ஒருத்தரும் முறைப்பாடு சொல்லவில்லையே."

"ஒருத்தன் சொன்னான்."

இருக்கையை விட்டு எழும்புகிறவன் மரத்தைப் பார்த்துத் திரும்ப வேணும். திரும்புகிற நேரம் கண்ணுக்குக் கால் தெரியாது. பாதம் தானாகப் போய் விழுகிற இடம் எது? ஞானரட்ணம் இருக்கையில் இருந்து எழும்பித் திரும்பி, எழும்பித் திரும்பி, காலில் சோக்கட்டியைப் பூசிக்கொண்டு மரத்தில் அடையாளம் பார்த்தார். நாற்பது தரம், ஐம்பது தரம். அடையாளம் எல்லாம் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளியே விழுந்தது. இத்தனை வருசமும் படியை நடுவில் வைத்தது தன்னுடைய பிழை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வலப்பக்கம் தள்ளி, ஒரு பாதம் முழுக்க நிற்கக்கூடிய அகலத் தட்டாக வைத்து, ஓரத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, டியூப் சுற்றினார். பதினைந்தாந்தேதி பின்னேரம் முடிந்தது.

பதினாறாந்தேதி சூரியன் கிளம்புகிற நேரம் ஞானரட்ணம் அந்தப் புதுப் பரணில் இருந்தார், கையில் துவக்கில்லாமல். சட்டம் சட்டம்தானே. பீச் என்கிற அந்தக் காட்டு மரம் அந்தக் கிழமைதான் துளிர்த்திருந்தது, இலை எல்லாம் குழந்தைப் பிள்ளையின் காது மாதிரி மெல்லிசு. தூரத்தில் கடுகு வயல் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தது. ஓர் ஆண்மான் வந்து அவருக்கு நேர் கீழே நின்று புல் கடித்தது. அதற்கு அவரைத் தெரியவில்லை. பின்னால் அடிமரம், மேலே இலை, அவர் மரத்தோடு மரம். அப்போது ஃபியோர்டுப் பக்கம் வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. மான் ஒரே பாய்ச்சல். அதைத் தொடர்ந்து அங்கொன்று இங்கொன்றாக விடியலைச் சுற்றி வெடி. ஞானரட்ணம் காதைப் பொத்திக்கொண்டார். இங்கே இத்தனை வெடிக்கும் ஆருக்கும் பயமில்லை. இதற்குப் பிறகு எல்லாரும் மேசை போட்டுப் பாணும் சீஸும் தின்று, கசப்புச் சாராயம் ஒரு மிடறு குடிப்பார்கள். அங்கே என்ன நடக்குது கடவுளே, அங்கே என்ன நடக்குது?

எழும்பித் திரும்பினார். கால் தானாகப் போய்த் தட்டில் விழுந்தது. அவ்வளவு சுகமாக விழுந்தது. அவர் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்று அழுதார்.

பதினெட்டாந்தேதி திங்கட்கிழமை. டெனிஷ் தொலைக்காட்சியில் யுத்தம் முடிந்துவிட்டதென்று சொன்னார்கள். இரண்டு நிமிசச் செய்தி, பிறகு சைக்கிள் ஓட்டப் போட்டி. வினோதா தாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "முடிஞ்சுதாம் அம்மா" என்று டெனிஷிலேயே மெல்லச் சொன்னாள். தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தங்கராணி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் பன்ரெண்டு நாளா எடுக்கல்லயே" என்றாள். "பன்ரெண்டு நாள். ஒருநாளும் இப்பிடி இரிக்கமாட்டான். என்ட புள்ள போய்ட்டானோ? சொல்லுங்களன், போய்ட்டானோ?"

ஞானரட்ணத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"தங்கம், நான்தான் எடுக்காத எண்டு சொன்ன."

எல்லாவற்றையும் சொன்னார். பனை, வட்டில்லாதது, படி, சத்தியம். மேல்ப்படி முறைப்பாட்டை மட்டும் சொல்லவில்லை. அதை அவளிடம் சொல்லுகிற நேரமாக அது அவருக்குப் படவில்லை. அவள் அடிப்பாள், ஏசுவாள், தலையில் அடித்துக் கத்துவாள் என்று எதிர்பார்த்துக் குனிந்துகொண்டு இருந்தார். தங்கராணி அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள்.

"அப்ப நீங்க சொன்னதாலதான் எடுக்கல்ல."

"ஓம்."

"அப்ப உசிரோட இரிக்கான்! சத்தியத்துக்குப் பயந்து கீழ இரிக்கான்! அடப்பாவி மனிசன், இதை முதல்லயே சொல்லக்கூடாதா? நான் பத்து நாளாச் செத்துச் செத்துப் பிழைக்கன்!"

எழும்பிக் குசினிக்குப் போனாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வெங்காயம் தாளித்த மணம் வந்தது. பிட்டும் சொதியும் கொண்டு வந்து வைத்து, "தின்னுங்க" என்றாள். ஞானரட்ணம் தின்றார். தான் ஒன்றைச் சொல்ல அவள் வேறொன்றை விளங்கிக்கொண்டாள் என்று தெரியும். அதை எப்படித் திருத்துகிறது? அவருக்கும் அந்தப் பிட்டு அன்றைக்கு ருசித்தது. அதுதான் வெட்கம்.

நாலு கிழமை அவள் அந்த நம்பிக்கையில் சீவித்தாள். வேலைக்குப் போனாள். நாயகத்துக்குச் சேட்டு இரண்டு எடுத்து வைத்தாள். முகாமில் எத்தனை ஆயிரம் சனம், பெயர்ப் பட்டியல் வரத் தாமதமாகும்தானே என்று அவளே மற்றவர்களுக்கு ஆறுதல் சொன்னாள்.

ஜூன் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாக்கிரட் எடுத்தாள். வவுனியா முகாமில், ஆருடையதோ போன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தங்கராணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சாள், நானும் பிள்ளையும்தான் வந்து சேந்தனாங்கள்" என்றாள் மாக்கிரட்.



"மே பதினாலாந்தேதி மச்சாள். கஞ்சிக்கு வரிசையிலை நிண்டவர். பிள்ளைக்கெண்டு போனவர். வந்து விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பாத்தனான், முகத்திலை ஒண்டுமில்லை."

"தரையிலயா நிண்டவன்?" தங்கராணியின் குரல் வேறு ஆருடையதோ மாதிரிக் கேட்டது. "மரத்தில இல்லையா?"

"இல்லை மச்சாள். ஞானரட்ணம் அண்ணை சொன்னவராம், அதுக்குப் பிறகு ஏறேல்லை. அண்டைக்கே படியெல்லாத்தையும் கழட்டி, பங்கருக்கு மேலை குறுக்கை போட்டு மண்மூட்டை அடுக்கினவர். நானும் பிள்ளையும் அதுக்குள்ளைதான் கிடந்தனாங்கள். கடைசிவரை அது விழேல்லை." மாக்கிரட் அழுதாள். "ஆனா பின்னேரமானா வெளியிலை வந்து அந்தப் பனையைப் பாத்துக்கொண்டு நிப்பார். ஒருக்கா ஏறிக் கதைச்சிட்டு வாங்கோவன் எண்டு நானே சொன்னனான் மச்சாள், அவற்றை முகத்தைப் பாக்கேலாமல். 'வேணாம், அத்தான் அக்காட்டச் சொல்லியிருப்பார். அக்காக்குத் தெரியும். அவ பயப்படமாட்டா' எண்டு சொல்லுவார். ஒவ்வொரு நாளும் அதைத்தான் சொன்னவர்."

தங்கராணி மெல்லத் திரும்பி ஞானரட்ணத்தைப் பார்த்தாள்.  ஏசியிருந்தால் மனிசன் பிழைத்திருப்பார்.

அதற்குப் பிறகு அவள் வினோதாவின் அறையில் படுத்தாள். சோறு போட்டுவைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், பூசையில் அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தாள். "உப்புக் காணுமா?" "ஓம்." "சாவி எங்க?" "மேசையில." அந்த வீட்டுக் கதை அதோடு சரி. சனம் துக்கம் கேட்டு வந்தது. சபாரத்தினம்கூடப் பகிடி விடாமல் கதிரை நுனியில் இருந்துவிட்டுப் போனார். ஞானரட்ணம் ஒவ்வொரு இரவும் கணக்குப் பார்த்தார். ஏறாதே என்று சொன்னது சரியா, பிழையா? சரி என்றால் ஏன் செத்தான்? பிழை என்றால் வேறென்ன சொல்லியிருக்க வேணும்? அதற்கெல்லாம் ஒரு மாதிரி விடை வரும். "இல்ல" என்று சொன்ன அந்த ஒரு சொல்லுக்குத்தான் விடையில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பார்லி வெட்டுகிற மெசின் வயலில் இரைந்துகொண்டிருக்க, தங்கராணி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்தப் பரணை எனக்குக் காட்டுங்க."

பட்டறைக்குப் பின்னால் காட்டோரம் அந்த பீச் மரத்தில் பரண் அப்படியே கட்டியிருந்தது. ஞானரட்ணம் பட்டிகளை இன்னொருக்கா இழுத்து இறுக்கிப் பார்த்தார். அவளுக்கு உயரம் பயம். வீட்டில் மாடிப்படியிலேயே சுவரைப் பிடித்துத்தான் ஏறுவாள். அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் முதல் படியில் கால் வைத்தாள். அவர் பாதுகாப்புப் பட்டியை இடுப்பில் மாட்டிவிட்டார், அதைத் தடுக்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு. நின்று மூச்சு வாங்கினாள். ஐந்து, ஆறு. மேலே போய் இருந்தாள். கீழே நின்ற அவருக்கு அவளுடைய சப்பாத்து மட்டும்தான் தெரிந்தது. மற்றதையெல்லாம் இலை மூடிவிட்டது.

 பிறகு மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏன் எனக்கிட்டக் கேக்கல்ல?"

"கேட்டா ஏறச் சொல்லுவாயெண்டு பயந்துட்டன்."

"என்னை அவ்வளவுதானா விளங்கி வச்சிரிக்கீங்க? முப்பது வருசம்!" குரல் உடைந்தது. "நானும் ஏறாதயெண்டுதான் சொல்லியிரிப்பன். என்ட புள்ள பனையில நிக்கானெண்டு தெரிஞ்சா நான் கதை கேப்பனா? இறங்கடா எண்டுதான் சொல்லியிரிப்பன். ஆனா நான் சொல்லியிரிப்பன். என்ட வாயால கேட்டிரிப்பான். கடைசியா என்ட குரலைக் கேட்டிட்டு இறங்கியிரிப்பான்."

ஞானரட்ணம் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "பிழைதான் தங்கம்" என்றார். "பெரிய பிழை."

மெசின் வயலின் அந்தத் தொங்கலுக்குப் போய்த் திரும்பி வந்தது.

"கடைசியா என்ன சொன்னவன்?" என்று கேட்டாள். "போனை வைக்கக்குள்ள. சும்மா ஒண்டுமில்லையெண்டு சொல்லாதீங்க."

"இறங்கக்குள்ள மேல்ப்படி காலுக்குத் தட்டுப்படல்லயெண்டு சொன்னவன். அடுத்தமுறை செய்யக்குள்ள அதைப் பாருங்க எண்டவன்."

"அதுவா சொன்னவன்?"

"ஓம். அதுதான்."

"பாத்தீங்களா?"

"பாத்த. நீ இரிக்கிறதில அதுதான் இரிக்கு."

கொஞ்ச நேரம் போக, சப்பாத்துகள் மறைந்தன. அவள் எழும்பித் திரும்புகிறாள் என்று பட்டி இறுகியதில் தெரிந்தது. ஞானரட்ணம் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு மரத்தடியில் நின்றார். இலைக்குள்ளிருந்து அவளுடைய வலது கால் வந்தது. காற்றில் ஒருக்கா நின்றது. துழாவவில்லை. நேரே போய், அந்த அகலத் தட்டில், பாதம் முழுக்கப் படிந்து நின்றது.

"தட்டுப்படுது" என்றாள் தங்கராணி.

அதற்குமேல் இறங்கவில்லை. அந்தப் படியிலேயே, மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, தம்பியுடைய பெயரைச் சொல்லி, யுத்தம் முடிந்ததற்குப் பிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழத் தொடங்கினாள். ஞானரட்ணம் உயர்த்தின கையை இறக்காமல் கீழே நின்றார்.